கடை மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டோம், இப்போது பாதி வருவதில்லை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கடை விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். புறக்கோட்டையில் அவர்களுக்குக் குடும்பத் துணிக்கடை. திருப்பூரிலிருந்து பின்னலாடை இறக்குமதி செய்கிறார்கள். கடையின் பெயரில் சொந்த டொமைன் இருக்கிறது. கடை முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் ஹோஸ்டிங் சேர்வரிலிருந்து கணவரின் ஜிமெயிலுக்கு போர்வேர்ட் ஆகிறது. பல வருடமாக எந்தக் கரைச்சலும் இல்லை. சில மாதங்களாகத் திருப்பூர்க்காரரின் மெயில்கள் வருவதே இல்லை. வங்கியின் மெயில் ஒருநாள் வருகிறது, ஒருநாள் ஸ்பாமில் கிடக்கிறது. ஜிமெயிலிலிருந்து எழுதும் வாடிக்கையாளர்களின் மெயில் மட்டும் ஒழுங்காக வருகிறது.

திருப்பூர்க்காரர், தனக்குத் திரும்பிவந்த மெயிலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் 550 5.7.26 என்ற எண்ணும், அவருக்குத் தெரிந்தே இராத கணவரின் ஜிமெயில் முகவரியும் இருந்தன. பயந்துபோன வாசகி, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலைத் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே கணவரின் முகவரியோடு இன்னொரு போர்வேர்டும் இருந்தது. போன வருடம் வேலையை விட்டுப்போன கணக்கெழுதும் பையனின் ஜிமெயில் அது. ஹோஸ்டிங்காரர் "இது ஜிமெயில் பார்க்கிற வேலை, திருப்பூர் முகவரியை கொன்டாக்ட்டில் சேருங்கள்" என்றாராம். கனடாவிலுள்ள அக்கா மகன் "உங்கள் எஸ்.பி.எப். பதிவில் ஜிமெயிலைச் சேருங்கள்" என்றாராம் (எஸ்.பி.எப். என்னவென்று கீழே சொல்கிறேன்). வாசகியின் கேள்விகள் மூன்று. அந்தப் பையன் மெயிலைத் திருடுகிறானா, பொலிஸுக்குப் போகலாமா? அலுவலகக் கணினியில் அவனுடைய ஜிமெயில் இன்னும் திறந்தபடியே இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாமா? எல்லாவற்றையும் வேறு சேர்வருக்கு மாற்ற வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதை அரிக்கும் விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், மெயில் வராததற்கும் அந்தத் தம்பிக்கும் தொடர்பில்லை. ஒரு முகவரிக்கு இரண்டு போர்வேர்ட் இருந்தால் சேர்வர் இரண்டு பிரதி அனுப்பும். ஒருவருக்குப் போவதால் மற்றவருக்குக் குறையாது. அவருக்குப் பிரதி போய்க்கொண்டிருப்பது தனிப் பிரச்சினை. அதுவும் பாரதூரமானதுதான், பின்னால் வருகிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஒருவர் மீது வீண்பழி விழும், மெயிலும் வராது.

இன்னொன்றை இப்போதே செய்யுங்கள். கடை முகவரிக்கு ஹோஸ்டிங் சேர்வரில் ஒரு பெட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சிபேனலில் போர்வேர்ட் பட்டியல் வேறு, ஈமெயில் கணக்குகளின் பட்டியல் வேறு. இரண்டாவது பட்டியலிலும் அதே முகவரி இருந்தால், வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு பிரதி அந்தப் பெட்டியிலும் விழுந்திருக்கும். அந்தப் பெட்டியை உலாவியில் காட்டும் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். காணாமல் போனவை என்று நினைத்த திருப்பூர் மெயில்கள் அங்கே வரிசையாகக் கிடக்கக்கூடும். பெட்டியே இல்லை, வெறும் போர்வேர்ட்தான் என்றால், ஜிமெயில் மறுத்தவற்றுக்கு உங்கள் பக்கம் பிரதி கிடையாது. மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

ஏன் சிலருடையது வருகிறது, சிலருடையது வருவதில்லை?

மெயில் சேர்வர்கள் பேசிக்கொள்ளும் முறை 1982 இல் எழுதப்பட்டபோது, "இந்த ஆள் இங்கே இல்லை, நான் அனுப்பிவைக்கிறேன்" என்று சொல்வதற்கென்றே 251 என்ற ஒரு பதில் எண் வைத்திருந்தார்கள். போர்வேர்ட் செய்வது அன்றைக்கு மரியாதையான, சாதாரணமான வேலை. பிறகு அடுத்தவன் பெயரில் மெயில் அனுப்பி ஏமாற்றுகிற கூட்டம் பெருகியது. அதைத் தடுக்க மூன்று காவல்கள் வந்தன. எஸ்.பி.எப். என்பது, ஒரு டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சேர்வருக்கு உரிமை உண்டு என்று அந்த டொமைன்காரரே வெளியிடும் பட்டியல். டீகிம் என்பது மெயிலிலேயே பதிக்கப்படும் டிஜிட்டல் கையொப்பம். 2012 இல் வெளியான டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது அனுப்புநரின் டொமைனோடு பொருந்தித் தேறாவிட்டால் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரர் சொல்லிவைக்கும் கட்டளை. "மறுத்துவிடு" என்றும் சொல்லலாம்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். திருப்பூர்க்காரரின் மெயில் உங்கள் ஹோஸ்டிங் சேர்வருக்கு ஒழுங்காக வருகிறது. அங்கிருந்து அதே மெயில், அதே அனுப்புநர் பெயரோடு, ஜிமெயிலுக்குப் போகிறது. ஜிமெயில் பார்க்கிறது: அனுப்பியவர் திருப்பூர்க் கம்பனி என்று எழுதியிருக்கிறது, கொண்டுவந்திருப்பதோ அந்தக் கம்பனியின் பட்டியலில் இல்லாத ஒரு சேர்வர். ஒரு கம்பனியின் கடிதத்தை அந்தக் கம்பனியின் ஆள் அல்லாத ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசலில் நிற்கும் காவலாளி சந்தேகப்படுவது போலத்தான். எஸ்.பி.எப். அங்கேயே தோற்றுவிடும். கையொப்பம் இருந்திருந்தால் தப்பியிருக்கும், ஏனென்றால் யார் கொண்டுவந்தாலும் டீகிம் கையொப்பம் மெயிலோடு வரும். திருப்பூர்க்காரரின் மெயிலில் அது இருந்திராது, அல்லது வழியில் உடைந்திருக்கும். 550 5.7.26 என்பது ஜிமெயில் "அனுப்பியவர் யாரென்று உறுதிப்படுத்த முடியவில்லை" என்று மறுக்கும்போது கொடுக்கும் எண்.

ஜிமெயில் பாவனையாளர்களின் மெயிலில் கையொப்பம் எப்போதும் இருக்கும். அதனால்தான் அவை வருகின்றன. வங்கி மெயில் ஒருநாள் வந்து ஒருநாள் ஸ்பாமுக்குப் போவதற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. பல ஹோஸ்டிங் சேர்வர்களில் ஸ்பாம் வடிகட்டி, சந்தேகமான மெயிலின் தலைப்புக்கு முன்னால் ஸ்பாம் என்று ஒரு சொல்லை ஒட்டிவிடும். தலைப்பும் கையொப்பத்துக்குள் அடங்கிய பகுதி என்பதால், ஒரு சொல் கூடினாலும் கையொப்பம் செல்லாமல் போகும். ஸ்பாமில் கிடக்கும் வங்கி மெயில் ஒன்றைக் கணினியில் திறந்து, வலப்பக்கம் மூன்று புள்ளியை அழுத்தி, மெயிலின் மூல வடிவத்தைக் காட்டும் தெரிவுக்குப் போங்கள். மேலேயே எஸ்.பி.எப்., டீகிம், டிமார்க் மூன்றுக்கும் தேறியதா தவறியதா என்று எழுதியிருக்கும். ஒழுங்காக வந்த வங்கி மெயில் ஒன்றையும் அப்படியே திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

பல வருடம் ஓடிய ஏற்பாடு இப்போது ஏன் நின்றது என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விதிகளை இறுக்கிவிட்டன. எஸ்.பி.எப்., டீகிம் இரண்டில் ஒன்றாவது தேறாத மெயிலை ஏற்பதில்லை என்பது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதோடு நிறையக் கம்பனிகள் தங்கள் டிமார்க் கட்டளையை "மறுத்துவிடு" என்று மாற்றிவருகின்றன. உங்கள் பக்கம் எதுவும் மாறாமலே உங்கள் மெயில் நின்றது அப்படித்தான்.

திருப்பூர்க்காரருக்குக் கணவரின் முகவரி எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களை மிகவும் பயமுறுத்தியது என்று தெரிகிறது. அது ஹெக் செய்ததற்கு அடையாளம் அல்ல. மெயிலுக்குள் நாம் பார்க்கும் அனுப்புநர் பெயர் தவிர, சேர்வர்கள் மட்டும் பார்க்கும் "உறை"யிலும் ஒரு அனுப்புநர் முகவரி உண்டு. போர்வேர்ட் ஆகும்போது அது மாறாவிட்டால், ஜிமெயில் மறுத்த செய்தி உங்களுக்கு வராது, நேரே முதலில் அனுப்பியவருக்கே போகும். எந்த முகவரி மறுத்தது என்றும் அதில் இருக்கும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனதும் இதனால்தான்.

இரண்டு ஆலோசனைகளும் ஏன் பலிக்காது?

கொன்டாக்ட்டில் சேர்ப்பதும் ஜிமெயிலில் பில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) போடுவதும் உள்ளே வந்த மெயிலுக்குத்தான் வேலை செய்யும். உங்களுடையது வாசலிலேயே மறுக்கப்படுகிறது. அக்கா மகன் சொன்னது நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அது வெளியே போகும் மெயிலுக்குரிய வைத்தியம். உங்கள் எஸ்.பி.எப். பதிவு உங்கள் டொமைன் பெயரில் போகும் மெயிலுக்கு மட்டும் பேசும். திருப்பூர்க்காரரின் மெயிலுக்கு அவருடைய டொமைனின் பதிவைத்தான் பார்ப்பார்கள். அவர் தன் பட்டியலில் கொழும்பிலுள்ள உங்கள் ஹோஸ்டிங் சேர்வரைச் சேர்க்கவும் முடியாது, சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் அதே சேர்வரைப் பாவிக்கும் முன்பின் தெரியாத கடைகளெல்லாம் அவர் பெயரில் மெயில் அனுப்ப வழி திறக்கும்.

ஹோஸ்டிங்காரரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஸ்.ஆர்.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. போர்வேர்ட் செய்யும்போது உறையிலுள்ள அனுப்புநர் முகவரியைத் தன் டொமைனுக்கு மாற்றி எழுதி அனுப்பும். சிபேனல் ஓடும் சேர்வரின் நிர்வாகப் பக்கத்தில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அது அவர் கையில்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. அதைப் போட்டால் எஸ்.பி.எப். தேறும், மறுப்புச் செய்தியும் உங்கள் சேர்வருக்கே திரும்பும். ஆனால் மெயிலின் உள்ளே தெரியும் அனுப்புநர் பெயர் திருப்பூர்க் கம்பனியாகவே இருப்பதால், கையொப்பம் இல்லாத மெயிலுக்கு "மறுத்துவிடு" என்ற டிமார்க் கட்டளை இருந்தால் அப்போதும் மறுக்கப்படும். அரைத் தீர்வுதான்.

போர்வேர்டால் வரும் இன்னொரு தீங்கையும் சொல்ல வேண்டும். உங்கள் முகவரிக்கு வரும் குப்பை மெயிலும் சேர்ந்து ஜிமெயிலுக்குப் போகிறது. ஜிமெயிலின் கண்ணுக்கு அந்தக் குப்பையை அனுப்புவது உங்கள் சேர்வர். நாளடைவில் அந்தச் சேர்வரின் பெயர் கெட்டு, நல்ல மெயிலும் தாமதமாகும். ஒரே சேர்வரில் நிறையக் கடைகள் குந்தியிருக்கும் மலிவு ஹோஸ்டிங்கில் இது இன்னும் மோசம்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொள்வனவு ஓடரும் இன்வொய்ஸும் வரும் முகவரியை இன்னொரு சேர்வருக்கு போர்வேர்ட் செய்து வாழக்கூடாது. மெயில் வந்து விழும் இடம் உங்கள் சொந்தப் பெட்டியாக இருக்க வேண்டும். கணவர் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்க்கட்டும்.

அவருக்குப் பழகிய ஜிமெயில்தான் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஹோஸ்டிங்கிலேயே பெட்டி ஒன்றைத் திறந்து, அதை அவருடைய போனிலுள்ள ஜிமெயில் செயலியில் இரண்டாவது கணக்காக, ஐமெப் முறையில் (மெயில் சேர்வரிலேயே இருக்க, அதைச் செயலியில் பார்க்கும் முறை) சேர்க்கலாம். செலவில்லை. மற்றது, கடை டொமைனையே கூகுள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொப்ட் 365, சோஹோ போன்ற ஒன்றுக்கு மாற்றிவிடுவது. மாதக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் டொலர் கணக்கில் வரும். இறக்குமதி வியாபாரத்துக்கு அந்தக் காசு வீண்போகாது என்பது என் எண்ணம். வெளியே போகும் மெயிலும் கடைப் பெயரில், கையொப்பத்தோடு போகும்.

அந்தத் தம்பியின் விடயம்

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசை நாட்களில் அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போர்வேர்ட் அப்போது உங்கள் கணவரோ ஹோஸ்டிங்காரரோ போட்டுக் கொடுத்ததாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. முதலில் அவர்களைக் கேளுங்கள். சிபேனலின் போர்வேர்ட் பட்டியல் யார், எப்போது சேர்த்தார்கள் என்று காட்டாது.

நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் இந்தத் தொழிலில் தெரிந்திருக்க வேண்டிய அளவு சொல்கிறேன். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது 3 ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். தரவுகளைச் சட்டவிரோதமாக இடைமறிப்பது 8 ஆம் பிரிவில் வருகிறது. எல்லாம் "அதிகாரம் இருந்ததா" என்பதில் தங்கியிருக்கிறது. வேலையில் இருந்தபோது நீங்கள் போட்டுக் கொடுத்து, பிறகு எடுக்க மறந்தது என்றால், அவர் எங்கும் நுழையவில்லை. வேலையை விட்ட பிறகு பழைய பாஸ்வேர்ட்டால் சிபேனலுக்குள் வந்து தானே சேர்த்தார் என்றால் கதை வேறு.

அதே சட்டம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில். கணினி உங்களுடையதுதான். ஆனால் திறந்து கிடக்கும் அந்த ஜிமெயில் அவருடையது. "பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்" என்று உள்ளே போனால், அதிகாரமின்றி நுழைந்தவர் நீங்களாகிவிடுவீர்கள். உங்கள் ஆத்திரம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு மெயிலைக்கூடத் திறக்காமல் அந்தக் கணக்கை லொக்-அவுட் செய்யுங்கள்.

அப்புறம் இந்த ஒழுங்கில் போங்கள். போர்வேர்ட் பட்டியலைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். சிபேனலுக்குள் யார் எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்ற பதிவை ஹோஸ்டிங்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இத்தகைய பதிவுகளை நீண்ட காலம் வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே இந்த வாரமே கேட்க வேண்டும். பிறகு அவருடைய முகவரியை நீக்குங்கள். பாஸ்வேர்ட்டை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சேர்வரில் போட்ட போர்வேர்ட், பாஸ்வேர்ட் மாறினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சிபேனலில் பில்டர் பட்டியலையும், கணவரின் ஜிமெயிலில் போர்வேர்ட், பில்டர் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் சிபேனல், ஜிமெயில் இரண்டின் பாஸ்வேர்ட்டையும் மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஒரு போன் எடுங்கள். "இப்படி ஒன்று எடுபடாமல் கிடந்திருக்கு, வந்த மெயிலை அழித்துவிட்டு அழித்தேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கோ" என்று நேராகக் கேளுங்கள். வாடிக்கையாளரின் விபரங்களும் அந்த மெயில்களில் இருந்திருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படியான தரவைக் கவனமாக வைத்திருக்கும் பொறுப்பைக் கம்பனிகள் மீதே வைக்கிறது. அவர் மறுத்தாலோ, ஹோஸ்டிங் பதிவில் சந்தேகமான நுழைவு தெரிந்தாலோ, சட்டத்தரணி ஒருவரோடு பேசிவிட்டுக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திடமும் தொழில்நுட்ப ஆலோசனை கேட்கலாம்.

இதற்கிடையில் ஒரு ஆபத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். இறக்குமதிக்காரர்களின் மெயிலை மறைவாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்து, கட்டணம் அனுப்பும் நேரம் பார்த்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மெயில் அனுப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. நிலைமை தெளியும்வரை, புறோபோர்மா இன்வொய்ஸில் உள்ள கணக்கு இலக்கத்தைத் திருப்பூர்க்காரரிடம் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த நம்பரில் பேசி உறுதிப்படுத்தாமல் ரி.ரி. (வங்கி வழிப் பணமாற்று) போடாதீர்கள். மெயிலில் இருக்கும் நம்பருக்கு எடுக்க வேண்டாம்.

வேறு சேர்வருக்கு மாறுவதென்றால்

அவசரப்பட வேண்டாம். முதலில் டொமைன் யாருடைய பெயரில், யாருடைய லொகினில் இருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ்டிங்காரரின் பெயரில் இருந்தால் அதை உங்கள் பெயருக்கு எடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. புதிய இடத்தில் பெட்டிகளைத் திறந்து, பழைய மெயிலை ஐமெப் வழியாகப் பிரதி செய்யுங்கள். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இரண்டு கணக்கையும் சேர்த்து இழுத்துப் போட்டாலும் போகும், மெதுவாகப் போகும். டொமைனின் விலாசப் பதிவேடான டி.என்.எஸ்ஸில், மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவின் டி.டி.எல். அளவை (மற்றச் சேர்வர்கள் அந்தப் பதிவை ஞாபகத்தில் வைத்திருக்கும் நேரத்தை) மாற்றத்துக்கு ஒருநாள் முன்பே 300 விநாடிக்குக் குறைத்தால், புதிய இடம் எல்லோருக்கும் விரைவாகத் தெரியவரும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடை பூட்டியபின் எம்.எக்ஸை மாற்றலாம். எஸ்.பி.எப். பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், பழையதைத் திருத்துங்கள், இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். டீகிம் திறவுகோலைப் பதிந்து, டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வையுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: உங்கள் வெப்சைட் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கும் என்றால், அங்கே சிபேனலில் ஈமெயில் ரூட்டிங்கை "வெளிச் சேர்வர்" என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வெப்சைட் படிவத்திலிருந்து வரும் மெயிலும், அதே சேர்வரில் இருக்கும் மற்றக் கம்பனிகளின் மெயிலும் பழைய பெட்டியிலேயே போய் விழும். பழைய பெட்டியை உடனே அழிக்க வேண்டாம், சில வாரம் எட்டிப் பாருங்கள்.

மாறுவதற்கு நாளெடுக்கும் என்பதால், இன்றைக்கே ஹோஸ்டிங்காரருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "கடை முகவரிக்கு உங்கள் சேர்வரிலேயே பெட்டி ஒன்று திறந்து தாருங்கள். ஸ்பாம் என்று தலைப்பை மாற்றுவதை நிறுத்துங்கள். எஸ்.ஆர்.எஸ். போட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். திருப்பூரிலிருந்து வந்த மெயில்களுக்கு என்ன நடந்தது என்ற விநியோகப் பதிவையும், சிபேனல் நுழைவுப் பதிவையும் அனுப்புங்கள்." பெட்டி திறந்ததும் திருப்பூர்க்காரரை ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, போனில் அவரை வைத்துக்கொண்டே வெப்மெயிலில் வந்துவிட்டதா என்று பாருங்கள். அதில் வந்துவிட்டால் ஜிமெயிலுக்குப் போகும் போர்வேர்டை எடுத்துவிடலாம்.